மூன்றாவது உறை

முதல் உறை கூரியரில் வந்தது.
ஜிப் இடுப்புவரை ஓடிவந்து நின்றுகொண்டது,
எட்டாம் மாதத்தில் பள்ளிச் சீருடையை மாட்டிப் பார்த்ததுபோல்.
என் கித்தாருக்கு முன்னால் வயிறு, பின்னால் முதுகு,
இரண்டும் புடைத்தவை.
வயலினுக்கு இருப்பதுபோல் வளைந்த இரண்டு துளைகள்.
கீழ்ப்பக்கம் பதினேழு அங்குலம்.
தங்கச்சிமடத்தில் இப்படி இன்னொன்று இல்லை.
தாலுகாவிலேயே இருக்காது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது பெரிது.
கூடவே ஒரு சின்னப் பையனும் படுத்துத் தூங்கலாம்.
ஐஸ் போடாத பெட்டியில் ஒற்றை வாளைமீன் மாதிரி
பரமக்குடி தாண்டியும் புரண்டுகொண்டே வந்தது.
மதுரை ஓட்டலில் திறந்தால்
தந்திகளைத் தாங்கும் பாலம்
ஒரு விரற்கடை தள்ளிப் போயிருந்தது.
அன்றிரவு எந்தச் சுரமும் தன் வீட்டில் இல்லை.
சாக்ஸ் வாசிக்கிற டெரன்ஸ் என்னைப் பார்த்தான்,
குழம்பை நாக்கில் வைத்த முகத்தோடு.

பிறகு சென்னைக்குப் போனேன்.
பன்னிரண்டாயிரம் ரூபாய். கறுப்பு. உள்ளே வெல்வெட்.
தூக்கி ஆட்டிப் பார்த்தேன்.
தேங்காய்க்குத் தண்ணீர் கேட்க வேண்டும்,
உறைக்கு எதுவும் கேட்கக் கூடாது.
கேட்கவில்லை.
"எந்த ஊர் மேடம்?"
சொன்னேன்.
"அங்கே ஜாஸா?"
ஜிப் இரும்பு, கச்சான் காற்று ஒரு மாதத்தில் தின்றுவிடும்,
அதனால் வாங்கவில்லை என்று வீட்டில் சொன்னேன்.
அதுவும் உண்மைதான்.

பாம்பனில், ரோட்டுப் பாலம் இறங்குகிற இடத்தில்
அபுதாகிர் படகு இன்ஜின்களுக்கு உறை தைக்கிறார்.
ஆட்டோ சீட்டும் உண்டு.
தினசரித் தாளை விரித்து மல்லாத்திப் படுக்க வைத்தார்,
சாக்கட்டியால் சுற்றி வரைந்தார்.
"மூச்சு விடுமா இது?"
மரம்தானே, கொஞ்சம் விடும் என்றேன்.
"அப்ப ரெக்சின் வேணாம்."

பாலத்தைத் தொட்டார்.
"ஒட்டலையா? ஆணியும் இல்லையா?"
தந்திகளின் அழுத்தம்தான் பிடித்து வைத்திருக்கிறது.
வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"நம்ம பாலம் மேல போனா கப்பல் போகும்.
இது பக்கத்துல போனா எல்லாமே போச்சா?"
அதன் தலைக்கு நேரே ஸ்பாஞ்சில் குழி வெட்டினார்.
பின்னால் சாய்ந்த கழுத்துக்கு
இரண்டு விரல் உயரத்தில் ஒரு தலையணை.
அப்புறம் டேப்பை என் தோளில் வைத்தார்.
"தூக்குற ஆளுக்கும் அளவு எடுக்கணும் தங்கச்சி.
இப்படியே தச்சா பஸ் வாசல்ல இடிக்கும்."
என் உயரத்தைப் பற்றி இவ்வளவு மரியாதையாக
யாரும் பேசியதில்லை.

பித்தளை ஜிப்புக்கு நாலு நாள்.
கூலி ஆயிரத்து நானூறு.

உள்ளே ஒரு பை தைத்திருந்தார், ஸ்பேனர் வைக்க.
கேட்டதற்கு, கை பழக்கம் என்றார்.
முதுகுத் துணி ஏதோ படகின் கூரையில் மிஞ்சியது.
வெள்ளை எழுத்தில் 'துணை' என்று மட்டும் இருக்கிறது.
யாருடைய துணையோ, அந்தப் பெயர்
வேறொருவர் இன்ஜின்மேல் நனைந்துகொண்டிருக்கும்.

சனிக்கிழமை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டேன்.
எதிர் சீட்டு அம்மாள் கூடையைத் தள்ளி வைத்து
தொட்டுப் பார்த்தாள்.
"உள்ள என்ன, இன்ஜினா?"
கடல்மேல் ரயில் நடக்கத் தொடங்கியிருந்தது.
குனிந்து உறையில் காது வைத்தேன்.
தண்டவாளம் கேட்டது, அலை கேட்டது,
மூன்றாவதாக ஒன்றும் இல்லை.
"ஆமாம்" என்றேன்.
"எத்தனை குதிரை?" என்றாள்.
ஆறு தந்தி.
ஆறு என்றேன்.
"சின்னப் படகுக்குப் போதும்" என்று
கூடையைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.